பாதியைத் தள்ளு என்கிறார்கள்

கடலோரப் பொறியியல் படித்த நண்பர் ஒருவரிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. கரையில் நின்று பார்த்தவர் சொல்லும் அலை உயரத்தில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். சொன்னவர் கடல் தொழிலுக்குப் போகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். "பத்தடின்னு சொன்னா அஞ்சடின்னு எழுதிக்க" என்பார். சொல்லும்போது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். பேய் அடித்ததாகச் சொல்லி வந்த நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் சிரிப்பு அது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர்களிடையே இதுதான் பொதுக்கருத்து. கண் கூட்டிச் சொல்லும், பயம் அதை இன்னும் ஏற்றும், கருவிக்குப் பயம் கிடையாது, ஆகவே கருவி சொல்வதே உண்மை. கண்ணின் மதிப்பீட்டையும் கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவைக் கருவியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதெல்லாம் மிதவை விடைத்தாள் திருத்துகிற வாத்தியாராகவும், கண் பரீட்சை எழுதிய பையனாகவும் ஆகிவிடுகின்றன. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மதிப்பெண்ணும் பையனுக்குத்தான் குறையும். இந்த ஏற்பாடே கோணல் என்பது என் கட்சி. கண் தப்பே செய்யாது என்று வாதாட வரவில்லை. வாத்தியார் கையில் இருப்பது வேறு கேள்விக்கான விடை என்கிறேன்.

முதலில் என் வீட்டு வாசலைக் கூட்டிவிடுகிறேன். புயல் சின்னம் ஒன்று உருவானால் போதும், "ராட்சத அலைகள் 20 அடி உயரத்துக்கு எழும்பின" என்ற வரி நாளிதழில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தூண்டில் வளைவுக் கற்களில் மோதித் தெறிக்கும் நீரின் உயரம் அதில் அலையின் உயரமாகிவிடுகிறது. அந்த 20 அடியை யாரும் பார்க்கவுமில்லை, அளக்கவுமில்லை. அது அச்சுக்கூடத்துப் பழக்கம். நான் பேசுவது அந்த எண்ணைப் பற்றியல்ல. நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே விதமாகப் பார்த்து, பார்த்ததை வைத்து ஒரு காரியம் செய்கிற கண்ணைப் பற்றி.

கண்ணை நம்ப மறுத்ததற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக் கடலோடி துய்மோன் துர்வில் இந்துமாக்கடலில் நூறடிக்கு மேல் உயர்ந்த அலையைக் கண்டதாகச் சொன்னார். கூட இருந்தவர்களும் சாட்சி. பாரிஸில் பெரிய விஞ்ஞானியாக வீற்றிருந்த பிரான்சுவா அராகோ அதைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். துர்வில் பார்த்த அலை உண்மையில் எத்தனை அடி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அராகோவின் கையிலும் அன்று எந்த அளவுகோலும் இல்லை. பார்க்காதவர் பார்த்தவரை மறுத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சியை அப்படித் தள்ளிவிட முடியாது. 1933 பிப்ரவரி 7. மணிலாவிலிருந்து சான் டியாகோவுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ராமபோ, பசிபிக் பெருங்கடலின் நடுவே பல நாள் நீடித்த புயலில் சிக்கியிருந்தது. காற்று பின்னாலிருந்து. அலைகளும் பின்னாலிருந்து. மேல்தளத்தில் காவல் பணியிலிருந்த அதிகாரி பின்புறமாகத் திரும்பிப் பார்த்தார். கப்பலின் பின்பக்கம் அலைப்பள்ளத்தில் இறங்கியிருந்தபோது, பாய்மரத்தின் மேலிருந்த காவல் கூண்டுக்கு நேராக, தொடுவானத்தோடு ஒட்டி, வரும் அலையின் முகடு தெரிந்தது. அவர் கண் நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது தெரியும். கூண்டின் உயரம் தெரியும், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும் தெரியும். எல்லாம் கப்பலின் வரைபடத்தில் இருக்கிற எண்கள். முக்கோணக் கணக்குப் போட்டபோது 112 அடி வந்தது, அதாவது 34 மீட்டர்.

இதில் 'வெறும் கண்' எங்கே இருக்கிறது? சுமார் 146 மீட்டர் நீளமுள்ள இரும்பு அளவுகோலின் ஒரு முனையில் கண் வைத்துப் பார்த்த அளவை இது. ஆனாலும் 'கண்ணால் பார்த்த அலை' என்ற ஒரே காரணத்தால் அந்த எண்ணைப் பலர் கட்டுக்கதைப் பெட்டியில்தான் போட்டு வைத்தார்கள். பிறகு 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில் கீழ்நோக்கிப் பொருத்தியிருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் உயரமுள்ள ஒற்றை அலையைப் பதிவு செய்தது. அதைச் சூழ்ந்திருந்த கடலின் பெரிய அலைகளே சராசரியாக 12 மீட்டர்தான். அதற்கப்புறம் 'முரட்டு அலை' பற்றிய ஆய்வு மளமளவென்று வளர்ந்தது. கடலோடிகள் நூற்றாண்டுக்கணக்கில் சொல்லிவந்தது ஒரு லேசர் கருவி சொன்னபோதுதான் காதில் ஏறியது.

இவையெல்லாம் நடுக்கடல் கதைகள். கரைக்கு வருவோம். வரும் வழியில் ஒரு கேள்வி: கைபேசியில் 'அலை உயரம் 2 மீட்டர்' என்று வருகிறதே, அந்த 2 மீட்டர் எந்த அலையின் உயரம்?

எந்த அலையின் உயரமும் இல்லை. கடலில் அடுத்தடுத்து வரும் அலைகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அவற்றை உயரப்படி வரிசையாக நிறுத்தி, மேலே உள்ள மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வருவது அந்த எண். 'சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்' என்று துறையில் சொல்வது இதைத்தான். ஏன் எல்லா அலைகளின் சராசரி இல்லை? ஏன் மேலிருந்து பத்திலொரு பங்கு இல்லை? மூன்றிலொரு பங்கில் என்ன விசேஷம்?

இரண்டாம் உலகப்போரின்போது கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் ஹெரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் அவருடைய மாணவர் வால்டர் மங்க்கும் அலைகளை முன்கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். படைவீரர்களைக் கரையிறக்கும் தட்டைப் படகுகள் ஓரளவுக்கு மேல் அலை உயர்ந்தால் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடும். எந்த நாளில் இறங்கலாம் என்று சொல்லியாக வேண்டும். அவர்களிடம் இருந்த தகவலில் பெரும்பகுதி அனுபவமுள்ள ஆட்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன உயரம். அந்த ஆட்கள் 'இன்று அலை இவ்வளவு' என்று சொல்லும்போது சின்ன அலைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எப்போதோ வரும் மிகப்பெரியதையும் எடுப்பதில்லை. அவர்கள் வாயில் வரும் எண், மேலிருந்து மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிக்கு ஏறத்தாழப் பொருந்தியது. அதனால்தான் அந்தச் சராசரி அளவுகோல் ஆயிற்று.

ஆக, தேர்ந்த கண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இன்று அதே சட்டையைத் தூக்கிக் காட்டி, 'உன் உடம்பு சரியில்லை' என்று கண்ணிடம் சொல்கிறோம். இத்தனைக்கும் இப்போதைய மிதவைகள் பெரும்பாலும் அலைகளை எண்ணி வரிசைப்படுத்துவதுகூட இல்லை. நீர்மட்டம் ஏறி இறங்கும் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கி ஓர் எண்ணைத் தருகின்றன. நான்கால் ஏன்? பெருக்கினால் விடை அந்தப் பழைய மூன்றிலொரு பங்குச் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறது என்பதால்தான்.

இதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைபேசி 2 மீட்டர் என்றால், எல்லா அலைகளின் சராசரி சுமார் 1.25 மீட்டர். மேலிருந்து பத்திலொரு பங்கின் சராசரி 2.5 மீட்டர். ஆயிரம் அலைகள் வந்தால் அவற்றில் மிகப்பெரியது கிட்டத்தட்ட 3.7 மீட்டர் இருக்கும். பத்து நொடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலைகள் வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. விடிகாலையில் கரைக்கு வந்து வெயில் ஏறியதும் வீடு திரும்பிய ஒருவர், "இன்னிக்கு ஒண்ணு வந்துச்சு பாரு, ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு" என்றால், 2 மீட்டர் என்ற எண்ணைக் காட்டி அவரை மடக்குகிறோம். அவர் பொய் சொல்லவில்லை. மிதவையும் பொய் சொல்லவில்லை. அவர் ஓர் அலையைச் சொன்னார், மிதவை ஒரு சராசரியைச் சொன்னது. பாதியைத் தள்ளச் சொல்லும் வாய்பாடு இந்த இடைவெளியில்தான் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்தது இடம். மிதவை இருப்பது ஆழமான கடலில். மனிதன் பார்ப்பது உடையும் இடத்தில். இரண்டும் ஒரே அலை என்று நினைப்பது, மேட்டூரில் திறந்த தண்ணீரின் அளவை வைத்துக் கல்லணையில் நிற்பவனின் கணுக்காலை அளப்பது மாதிரி. ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழக்கும், நெருங்கும், எழும்பும். எவ்வளவு எழும்பும் என்பது அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல, இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பொறுத்தது. கோமரும் காஹனும் 1972இல் தந்த எளிய சூத்திரத்தில் எண்களைப் போட்டேன். ஆழ்கடலில் 2 மீட்டர் உயரமும் 8 நொடி இடைவெளியும் உள்ள அலை உடையும்போது ஏறத்தாழ 2.5 மீட்டர் இருக்கும். அதே 2 மீட்டர், ஆனால் இடைவெளி 18 நொடி என்றால், உடையும்போது 3.4 மீட்டர். திரையில் இரண்டு நாளும் '2 மீட்டர்'. கரையில் நிற்பவருக்கு முதல் நாள் ஒரு கடல், இரண்டாம் நாள் வேறு கடல். கடலடியின் வளைவு நெளிவுகள் அலையை ஓரிடத்தில் குவிப்பதையும் இன்னோரிடத்தில் சிதறடிப்பதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

கண்ணையும் கருவியையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. ஹவாயின் ஓஆஹூ தீவின் வடகரை. வைமேயா, சன்செட் என்று அலைச்சறுக்கு ஆடுபவர்கள் மந்திரம்போல் சொல்லும் பெயர்களெல்லாம் அங்கேதான். வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்கள் அனுப்பும் அலைகள், குறுக்கே அகலமான கண்டத்திட்டு எதுவும் இல்லாததால், சக்தி குறையாமல் வந்து எரிமலைப் பாறையில் மோதும். அங்கே 1968 முதல் தினசரி அலை உயரம் கண்ணால் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. லாரி கோடார்டின் குறிப்புகளில் தொடங்கிய அந்தப் பட்டியலைத் தொடர்ந்து பேணி, கணினியில் ஏற்றியவர் கடலியல் தரவுப் பணியில் இருந்த பேட்ரிக் கால்ட்வெல். அந்தப் பதிவுகள் செல்லுமா என்று சோதித்து 2005இல் ஆய்வுக்கட்டுரையும் எழுதினார்.

இதில்தான் வேடிக்கை இருக்கிறது. என் நண்பரின் வாய்பாட்டுப்படி ஹவாய்க்காரர்கள் அலையைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களோ பாதியாகக் குறைத்துச் சொல்கிறார்கள்! 'ஹவாய் அளவு' என்று அதற்குப் பெயர். முன்முகம் பள்ளத்திலிருந்து முகடு வரை 40 அடி இருக்கும் அலையை அவர்கள் 20 அடி என்பார்கள். அலையை முதுகுப்பக்கமிருந்து அளந்த பழக்கம் என்கிறார்கள் சிலர். 'இதெல்லாம் ஒரு அலையா' என்று காட்டிக்கொள்ளும் வீராப்பு என்கிறார்கள் சிலர். என்னவாகவும் இருக்கட்டும். பயம் கண்ணை ஊதிவிடும் என்பது இயற்கை விதியானால் வைமேயாவில் அது வேலை செய்திருக்க வேண்டுமே. உலகத்திலேயே அலைக்குப் பயப்பட நியாயமான காரணமுள்ள இடம் அது.

கால்ட்வெல் முதலில் அந்த 'அடி' எதைக் குறிக்கிறது என்று தேடினார். அலைமேல் ஆள் நிற்கும் புகைப்படங்களை எடுத்துக்கொண்டார். ஆளின் உயரத்தை அளவுகோலாக வைத்து, பள்ளத்திலிருந்து முகடு வரை உண்மை உயரத்தைக் கணக்கிட்டு, அன்றைக்குச் சொல்லப்பட்ட எண்ணோடு பொருத்தினார். விடை: இரண்டால் பெருக்கு. சின்ன அலையானாலும் மலைபோன்ற அலையானாலும், பத்து இருபது விழுக்காட்டுப் பிழைக்குள், இரண்டால் பெருக்கினால் உண்மை உயரம் வந்துவிடுகிறது. 1981 முதல் வடமேற்கே வெகுதூரத்தில் மிதந்த மிதவையின் பதிவும், 2001 இறுதியில் வைமேயாவுக்கு எதிரே போடப்பட்ட மிதவையின் பதிவும் கையில் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டபோதும் கண்ணின் பட்டியல் காலத்துக்குக் காலம் தடம் மாறவில்லை.

தினமும் சரியாகப் பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் கெட்டுப்போன கடிகாரமா? பத்தைக் கூட்டிக்கொண்டால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒருநாள் ஐந்து நிமிடம் முந்தி, மறுநாள் இருபது நிமிடம் பிந்தி ஓடுவதுதான் கெட்ட கடிகாரம். கண்ணுக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். 'கண் இத்தனை விழுக்காடு தவறு' என்று ஒரே எண்ணில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தவறில் ஒரு திசையில் நிலையாகச் சாய்ந்திருப்பது எவ்வளவு, முன்னும் பின்னும் சிதறுவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத எந்த ஒப்பீட்டையும் நான் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன்.

அதைவிட முக்கியமானது 2007இல் வந்தது. ஆழ்கடல் மிதவை தரும் உயரத்திலிருந்தும் அலை இடைவெளியிலிருந்தும் கரையில் உடையும் அலையின் உயரத்தைக் கணிக்கும் முறையொன்றைக் கால்ட்வெல்லும் ஜெரோம் ஓகானும் உருவாக்கினார்கள். அந்த முறையைச் செதுக்க அவர்கள் பயன்படுத்தியது கண்ணால் எழுதிய அந்தப் பட்டியலைத்தான். அதாவது மிதவையின் பேச்சைக் கரையின் பேச்சாக மாற்றுவதற்கு அகராதியாக இருந்தது கண். வாத்தியார், பையன் கதையை இங்கே எப்படிச் சொல்வார்கள்?

1969 டிசம்பர் தொடக்கத்தில் அந்த வடகரையில் வீடுகளை அடித்துக்கொண்டு போன அலைகள் வந்தன. இன்றும் அந்த ஊரில் பெரிய அலை என்றால் அந்த ஆண்டைச் சொல்லித்தான் பேச்சு ஆரம்பிக்கும். அப்போது அந்தக் கடலில் இந்த மிதவைகள் எதுவும் இல்லை. 'கருவி அளக்காதது எதுவும் தரவு ஆகாது' என்று கொள்கை வைத்துக்கொண்டால் அந்த வாரம் வரலாற்றிலிருந்தே காணாமல் போகும்.

சரி, கருவி என்ன அப்பழுக்கற்றதா? மிதவை அலையின் உயரத்தை நேராக அளப்பதில்லை. தான் தூக்கிப் போடப்படும் முடுக்கத்தை அளந்து, அதை இரண்டு முறை தொகைப்படுத்தி உயரமாக்குகிறது. செங்குத்தான முகடு வரும்போது நங்கூரக் கயிறு இழுக்கும், சில சமயம் முகட்டைச் சுற்றி நழுவியும் போகும். வட கிழக்கு பசிபிக்கில் பல பத்தாண்டுகளாக மிதந்த அமெரிக்க மிதவைகளின் பதிவுகளை கெம்ரிச்சும் அவருடைய குழுவினரும் 2011இல் துருவிப் பார்த்தார்கள். மிதவையின் உடலை மாற்றியபோது, உள்ளே இருந்த கருவிப் பெட்டியை மாற்றியபோது, கணக்கு முறையை மாற்றியபோதெல்லாம் அலை உயரம் படிக்கட்டுபோல் ஏறியோ இறங்கியோ இருந்தது. 'கடல் அலைகள் உயர்ந்துகொண்டே போகின்றன' என்று அந்தப் பதிவுகளிலிருந்து வாசித்த போக்கில் ஒரு பகுதி கடலுடையதல்ல, பட்டறையுடையது. செயற்கைக்கோளோ, ஜேசன் வரிசையைப் போன்றது என்றால், ஒரே இடத்தின் மேல் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். கரையை ஒட்டிய சில கிலோமீட்டரில் நிலத்தின் எதிரொலி கலந்து அதன் பார்வை மங்கிவிடும். நமக்கு வேண்டியது அந்தச் சில கிலோமீட்டர்தான்.

இதற்காகக் கண்ணை ஞானக்கண் ஆக்கிவிடும் இன்னொரு கட்சியிலும் நான் சேரமாட்டேன். 'பரம்பரை அறிவு', 'கடலின் மைந்தன்' என்றெல்லாம் மேடையில் உருகுபவர்களைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாது. கண்ணுக்கு அசலான குறைகள் உண்டு. அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கப்பல்காரர்கள் குறைத்தே எழுதியிருக்கிறார்கள். இருட்டில் கண் உதவாது. அமைதியான நாளில் சின்ன அலையைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதத் தோன்றும். எண்கள் 5, 10 என்று முழு எண்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அலை மிகப் பெரிதாகி வெகுதூரத்திலேயே உடையும் நாளில், பக்கத்தில் ஆளோ படகோ இல்லையென்றால், ஒப்பிட ஒன்றுமில்லாமல் கண் தடுமாறும். ஆனால் இத்தனை குறையையும் நாம் அறிவோம். அறிந்த குறையைத் திருத்தலாம். குலேவும் கிரிகோரியேவாவும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட கப்பல் பதிவேடுகளைத் திருத்தித்தான் 2004இல் உலகக் கடல்களின் அலை வரலாற்றை எழுதினார்கள். மாலுமிகளின் கண்ணை விட்டால் அந்த வரலாற்றின் முதல் பாதிக்கு வேறு ஏடு கிடையாது.

கேட்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. மணப்பாடு பக்கம் ஒரு காலையில் ஃபைபர் வள்ளத்தைத் தள்ளத் தயாராக நின்றவரிடம் கேட்டேன், "அண்ணாச்சி, இன்னிக்கு அலை எத்தனை அடி இருக்கும்?" அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, "மூணு போகட்டும்" என்றார். பெரியதாக ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, மூன்றாவது கொஞ்சம் தாழ்ந்து வந்தது. பிறகு கடல் சற்று மட்டமாயிற்று. அந்த இடைவெளியில் நான்கு பேரும் தோள் கொடுத்துத் தள்ளி, வள்ளம் நுரையைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்ததும் விடாமல் மறுபடி கேட்டேன். "எத்தன அடின்னா என்ன சொல்ல... ஒரு பத்தடின்னு வச்சுக்கிடுங்க" என்றார்.

இந்தப் பத்தடியை நான் ஒரு படிவத்தில் எழுதி, மிதவையின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, 'மீனவர் மதிப்பீடு மிகை' என்று அறிக்கை கொடுத்திருக்கலாம். அவர் அடியில் பார்க்கவே இல்லை. எத்தனை சேர்ந்து வருகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது, எந்த இடத்தில் உடைகிறது, வள்ளத்தை இறக்கலாமா கூடாதா என்று பார்த்தார். அந்தப் பார்வை சரியாக இருந்ததற்கு அத்தாட்சி வள்ளம் போய்ச் சேர்ந்தது. அடி என்பது என்னைச் சமாதானப்படுத்த அவர் போட்ட பிச்சை. அதைத்தான் நாம் 'தரவு' என்கிறோம்.

கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் இன்னொரு பாடம் இருக்கிறது. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் தெளிவு. திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வரும். திருடனைப்போல் வருவதால் கேரள மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். தென்கோடிப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் அனுப்பிய, நீண்ட இடைவெளி அலைகள் அவை. 2005 மே மாதம் கேரளக் கரையில் அப்படிப் பெரிய வெள்ளம் வந்தது. 2012இல் அந்தப் பெயரை யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. இன்று ஐதராபாத்தின் இன்கோயிஸ் கடல் தகவல் மையம் விடும் எச்சரிக்கையில் 'கள்ளக்கடல்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்த எச்சரிக்கையோடு வரும் அலை உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 2 மீட்டரைத் தாண்டாது. எண்ணை மட்டும் படிப்பவருக்கு அது சாதாரண நாள். வடகிழக்குப் பருவக்காற்றில் நம் கரை பார்க்காத 2 மீட்டரா? ஆனால் அந்த அலைகளின் இடைவெளி 15 நொடிக்கு மேல், சில வேளை 20 நொடியைத் தொடும். மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. முன்னறிவித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள், அவர்கள் கருவிகளும் செய்திருந்தன. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு 'ஒன்றரை மீட்டர்' என்ற வார்த்தை எந்தக் காட்சியையும் காட்டாது. இடுப்பளவா, தலைக்கு மேலா, எவ்வளவு தூரம் ஏறி வந்து எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்பதைச் சொல்ல அந்தக் கரையை நாள்தோறும் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண்ணின் பேச்சை எண்ணோடு சேர்த்து அச்சடிக்க நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. பாதியைத் தள்ளச் சொல்லும் வாய்பாடுதான் இருக்கிறது.

ஏற்பாடு செய்யப் பெரிய பணம் வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1960களின் பிற்பகுதியில் கரையோரப் பூங்காக் காவலர்களையும் தன்னார்வலர்களையும் வைத்துத் தினசரி அலை உயரம், இடைவெளி, திசை, நுரைப்பட்டையின் அகலம் ஆகியவற்றை எழுத வைத்தது. கரையோர நீரோட்டத்துக்கு மட்டும் ஒரு பொட்டலம் சாயம். அதைத் தண்ணீரில் போட்டு, ஒரு நிமிடத்தில் எந்தப் பக்கம் எத்தனை தூரம் நகர்ந்தது என்று அளந்துவிடுவார்கள். நம் மீன் இறங்குதளங்களில் இதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கடிகாரமும் போதும். ஓராண்டு எழுதினால் அந்தக் கரையின் கண்ணுக்கு எதனால் பெருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டாலா, அரையாலா, ஒன்றாலா. எண் எதுவானாலும் குறையில்லை, மாறாமல் இருந்தால் போதும்.

உயரத்தை அளக்க ஒரு பழைய வித்தை உண்டு. வில்லார்ட் பாஸ்கம் அலைகளைப் பற்றி 1964இல் எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். கரைச்சரிவில் மேலே நின்று, உடையப்போகும் அலையின் முகட்டைப் பாருங்கள். முகடு தொடுவானத்துக்குக் கீழே தெரிந்தால் கண் அதைவிட உயரத்தில் இருக்கிறது. மெதுவாகக் கீழே இறங்குங்கள், தேவைப்பட்டால் குனியுங்கள். முகடு தொடுவானக் கோட்டைச் சரியாகத் தொடும் இடத்தில் நில்லுங்கள். இப்போது உங்கள் கண்ணும் முகடும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அலை வாங்கிப் பின்னால் போகும்போது தண்ணீர் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து உங்கள் கண் வரைக்கும் செங்குத்து உயரத்தை ஒரு குறிபோட்ட மூங்கில் கழியால் அளந்தால் அதுதான் அலையின் உயரம். ஒன்றோடு நிறுத்தாமல் பத்துப் பதினைந்து அலைகளுக்குச் செய்யுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. எண்ணை நோட்டில் எழுதி முடிக்கும்வரை கைபேசியைத் திறக்கக் கூடாது. மிதவை 1.2 என்று சொல்வதை முதலில் பார்த்துவிட்டால், அப்புறம் கண் எங்கே திரும்பினாலும் 1.2 தான் தெரியும்.